உலுக்குவதும் வெட்டுவதும்



திருக்கோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, மகாவலி கங்கை கடலொடு கலக்குமிடத்தில், கொட்டியாரக் குடா விரிந்து கிடக்கிறது. 1659ஆம் ஆண்டின் இறுதியில் மசூலிப்பட்டினத்தருகே புயலிற் சிக்கிப் பாய்மரம் இழந்த ஆங்கிலக் கப்பலொன்று, புதிய பாய்மரம் பொருத்துதற்காக இக்குடாவை வந்தடைந்தது. 1660இல் அதன் தலைவர் ஒரு புளியமரத்து நிழலில் அமர்ந்திருக்கையில், கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களாற் சிறைப்பட்டார். அவ்வாறே அகப்பட்ட அவர் மகன் ரொபேட் நொக்ஸ், 1679இல் தப்பிச் சென்று 1681இல் வெளியிட்ட நூலால், அப்புளியமரமும் வரலாற்றில் இடம்பெற்றது.

புளியமரத்திடம் நாம் கற்க வேண்டிய பாடமொன்று உண்டு. பழம் முதிருங்கால் சதை சுருங்கி ஓட்டைவிட்டு விலகுகிறது. ஒட்டாத உறவைப் 'புளியம்பழமும் ஓடும் போல' என்கிறோம் அன்றோ? அந்நிலையில் ஒருவன் மரமேறிக் கிளையை உலுக்கினாற் போதும். முற்றியவை உதிரும், செங்காய் கிளையிலேயே நிற்கும். ஓடு காவலாய் இருப்பதால் விழுந்த பழமும் நசிவதில்லை. நன்கு வளர்ந்த மரமொன்று ஆண்டுக்கு 150 முதல் 225 கிலோகிராம் வரை பழந்தரக்கூடும். ஆயின் பொறுமையிழந்து தடிகொண்டு அடிப்பவன், இளந்தளிரையும் பூவையுஞ் சிதைத்து, வரும் பருவத்து விளைவையும் குறைத்துக்கொள்கிறான்.

இவ்வெச்சரிக்கை நமக்கு மட்டும் உரியதன்று. கி.மு. 37ஆம் ஆண்டளவில் வேளாண்மை நூல் இயற்றிய உரோமானிய அறிஞர் வரோ, ஒலிவப் பழத்தைக் கையாற் பறித்தலே சிறந்ததென்றார். கைக்கெட்டாதவற்றைத் தட்ட நேரின், கழியை விடுத்து நாணற்கோலையே கொள்க என்றார்.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வேலை இயந்திரத்தின் கைக்கு மாறியது. அமெரிக்காவின் மிச்சிக்கன் மாநிலத்துப் புளிப்புச் செரித் தோட்டங்களில் 1960களில் மரமுலுக்கும் பொறிகள் பரவின. இறப்பர் மெத்தை பொருத்திய இரும்புக்கை அடிமரத்தைப் பற்றுகிறது. உள்ளே சமனின்றிச் சுழலும் எடைகள் மரத்தை அதிரச் செய்கின்றன. சில விநாடிகளிற் பழமெல்லாம் கீழே விரித்த துணியில் வீழ்கின்றன. வாதுமை, ஒலிவம் ஆகியவற்றுக்கும் இம்முறை பயன்படுகிறது. ஆயினும் பழைய விதி மாறவில்லை. காம்பு தளராத காயை அதிர்ச்சி எளிதில் உதிர்ப்பதில்லை. சாறோடும் பருவத்திற் பிடி தவறினாற் பட்டை உரிந்து மரம் நோய்க்கு ஆளாகிறது. வலிமை பெருகினும் மரத்தின் பருவத்தைக் கேட்டே அதனைச் செலுத்த வேண்டியிருக்கிறது.

இனி நம் துறைமுகத்தின் பின்னுள்ள காட்டுக்குத் திரும்புவோம். அக்காட்டை உலகம் அறிந்தது கோடரியின் வழியாகவே. அங்கு விளைந்த சாவண்டலையை ஆங்கில வணிகர் 'திருக்கோணமலை மரம்' என்றே அழைத்தனர். சென்னைக் கடற்கரையின் மசூலாப் படகுகளுக்கும் அது பயன்பட்டது. அதே காட்டில் நிற்பது பாலைமரம். கோடையிற் பழுக்கும் அதன் சிறு மஞ்சட் பழம் தேனென இனிக்கும். பால் உதட்டில் ஒட்டும். கரடிக்கும் பறவைக்கும் அதுவே விருந்து.

துணி விரித்துக் கிளையை உலுக்கினால் கனிந்த பாலைப்பழம் உதிரும். ஆனால், சந்தைக்கு விரைவிற் சேர்க்க எண்ணுவோர் சிலர் பழமுள்ள கிளைகளையே வெட்டி வீழ்த்துகின்றனர். பாலையோ மெல்ல வளர்ந்து வைரமேறும் மரம். ஒரு நாட் கூலிக்காக வெட்டிய கிளை மீண்டும் பழந்தருவதற்குப் பல ஆண்டுகள் செல்லும். அதுவரை அக்கிளையை நம்பிய உயிர்களும், அடுத்த கோடையில் அங்கே வரும் ஏழைக் குடும்பமும் வெறுங்கையுடன் திரும்ப நேரிடும்.

உலுக்குபவன் மரம் விட்டுக்கொடுத்ததை மட்டும் பெறுகிறான். வெட்டுபவனோ மரம் இன்னும் கொடாததையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறான். பொறி கொண்டோர்க்கும் வெறுங்கை கொண்டோர்க்கும் இவ்வேறுபாடு ஒன்றே. கொட்டியாரத்துப் புளியமரத்தடியில் நம் முன்னோர் அறிந்திருந்த இச்சிறு உண்மையைப் பாலைமரத்தடியிலும் நாம் மறவாதிருப்போமாக.