பொறுப்பும் குரலும்: கம்பனிக் கலைப்பு மனுவுரிமையும் திருகோணமலை எண்ணெய்க்குதங்களும்

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாறு பெரும்பாலும் கடற்படைகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. சொத்துடைமை வடிவங்களின் வரலாறாகவும் அதனை நோக்குதல் வேண்டும். ஒரு கம்பனியைக் கலைக்குமாறு நீதிமன்றத்தை வேண்டும் உரிமை யாருக்குண்டு? பங்கை விற்று விலகியவருக்கும் அது உண்டா? சட்ட நுணுக்கமாகத் தோன்றும் இவ்வினா, சீனக்குடாக் குதங்களின் நிர்வாகத்தைக் கேள்வி கேட்கத்தக்கவர் யார் என்பதோடு பிணைந்துள்ளது என்பதே எமது கருத்து.

இங்கிலாந்தின் 1862ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டம், கலைப்பின்போது கடனிறுக்கப் பணம் செலுத்தக் கடமைப்பட்டோரைத் தனி வகையினராக வகுத்தது. கலைப்புக்கு முந்திய ஓராண்டினுள் விலகிய முன்னாள் பங்குதாரரும் இதனுள் அடங்குவர். எனினும், விலகியபின் ஏற்பட்ட கடன்களுக்கு அவர் பொறுப்பல்லர். வரையறுத்த கம்பனியில், இருக்கும் பங்குதாரரால் இறுக்கவியலாத மிகுதிக்கே, அதுவும் தம் பங்கில் செலுத்தப்படாத தொகையளவிற்கே, அவர் பொறுப்பாவார். பொறுப்பிருந்தமையால் மனுச்செய்யும் வாயிலும் திறந்திருந்தது.

1867ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வாயிலை ஒடுக்கிற்று. உறுப்பினர் தொகை எழுவருக்குக் குறைந்தாலன்றி, மனுதாரரின் பங்கு தொடக்கத்தில் அவருக்கே ஒதுக்கப்பட்டதாகவோ, முந்திய 18 மாதங்களில் 6 மாதங்களேனும் அவர் பெயரில் பதிவாகியிருந்ததாகவோ, மரணவழி வந்ததாகவோ இருத்தல் வேண்டும். மனுவுக்கென்றே பங்கு வாங்குவோரை இது தடுத்தது. முழுத்தொகையும் செலுத்திய பங்கை விற்றவருக்கோ பொறுப்பில்லை, ஆகவே குரலுமில்லை. இங்கிலாந்தின் 1929ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தழுவிய 1938ஆம் ஆண்டு 51ஆம் இலக்கக் கம்பனிகள் கட்டளைச்சட்டம் இந்நெறியை இலங்கையில் நிலைநிறுத்திற்று.

இனிக் குதங்களை நோக்குவோம். பிரித்தானியக் கடற்படையின் தேவைக்கென எழுந்தவை இவை. 1942 ஏப்ரலில் யப்பானிய விமானத் தாக்குதலைக் கண்டவை. 1957இல் கடற்படைத்தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் பங்குதாரரற்றது. அதன் தோற்றமும் முடிவும் பாராளுமன்றத்தின் கையில் உள்ளன. 2003இல் லங்கா ஐ.ஓ.சி. இக்குதங்களின் பயன்பாட்டினுள் நுழைந்தது. 2022 ஜனவரி உடன்பாட்டின்படி 14 குதங்கள் அதற்கும், 24 கூட்டுத்தாபனத்துக்கும், எஞ்சிய 61 ஒரு கூட்டுக் கம்பனிக்கும் உரியவாயின. அக்கம்பனியில் கூட்டுத்தாபனத்தின் பங்கு 51 வீதம், லங்கா ஐ.ஓ.சி.யின் பங்கு 49 வீதம்.

இவ்வமைப்பில், கொழும்புப் பங்குச்சந்தையில் லங்கா ஐ.ஓ.சி.யின் பங்கை வாங்கியவர்கூடக் கூட்டுக் கம்பனியின் உறுப்பினரல்லர். பங்கிற்குள் பங்காக உரிமை ஒளிந்துகொள்கிறது. குதங்களருகே வாழும் மீனவரும் விவசாயியும் இக்கணக்கில் இடம்பெறுவதேயில்லை. கூலி கிடைக்காத தொழிலாளி மட்டும் கடன்கொடுத்தோன் என்ற பெயரில் அவ்வாயிலை அணுகலாம். உழைப்பு உரிமையாவதற்கு முதலில் கடனாக மாறவேண்டியிருக்கிறது!

முன்னாள் பங்குதாரரைச் சட்டம் விலக்குவது முறையற்றதன்று. இழப்பில்லாதவர் பிறர் தொழிலைக் குலைத்தலாகாது. ஆயின் அதே நியாயத்தின்படி, இழப்பைத் தாங்குவோருக்குக் குரல் இருத்தல் வேண்டும். இழப்பைப் பணத்தால் மட்டும் அளக்கும் சட்டம் துறைமுக மக்களின் இழப்பைக் காண்பதில்லை. நாட்டுடைமையும் கூட்டுக் கம்பனியும் இதில் ஒன்றே: இரண்டிலும் அம்மக்கள் கேட்கப்படவில்லை. உடைமை யாருடையது என்பதோடு, அதனைக் கேள்வி கேட்கும் உரிமை யாருடையது என்பதையும் எமது வரலாற்றாய்வு எழுப்புதல் வேண்டும்.