சப்பாத்திக்கள்ளியும் சாயப்பூச்சியும்



திண்டுக்கல் மலைக்கோட்டையின் மேல் நின்று நோக்கினால், ஒருபுறம் சிறுமலையும் மறுபுறம் வேடசந்தூர்ப் பக்கத்து வறண்ட சமவெளியும் தோன்றும். அச்சமவெளியின் வேலியோரங்களில் சிறு வயதில் நான் கள்ளிப்பழம் பறித்து, வாய் சிவக்கத் தின்றதுண்டு. பழத்தின் நுண்முட்கள் நாவில் தைத்து அழுததும் உண்டு. அன்று எனக்கு எல்லாக் கள்ளியும் ஒரே கள்ளிதான். அதே பிழையை அறிவிற் சிறந்தோரும் செய்தனர் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் ஒடித்தால் வெண்பால் வடிப்பவை. சப்பாத்திக்கள்ளியில் பால் இல்லை. அதன் முட்கள் மெத்தை போன்ற சிறு புள்ளிகளிலிருந்து கொத்தாக எழுகின்றன. இது வேறு குடும்பம். திண்டுக்கல்லுக்குப் பெயர் வாங்கித் தந்த புகையிலையைப் போலவே, இதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த விருந்தாளி.

அந்நாளில் மெக்சிகோ நாட்டுச் சாயப்பூச்சியிலிருந்து கிடைத்த செஞ்சாயம் பெருவிலை பெற்றது. அதை இந்தியாவிலேயே உண்டாக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி விரும்பியது. சென்னையில் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டம் அமைத்தார். 1795-இல் நீல்சன் என்ற படைத்தலைவர் பிரேசில் நாட்டிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சிகளைக் கொணர்ந்தார். ஆனால் வந்தது உயர்ந்த சாயப்பூச்சியன்று. அதன் காட்டு உறவினம். சாயத்தொழில் தோற்றது.

தோற்ற பூச்சி வேறொரு தொழில் செய்தது. 1836 முதல் 1838 வரை அது தென்னாட்டிற்குக் கொண்டுவரப்பட்டது. இங்கே மண்டிக்கிடந்த 'மோனகாந்தா' என்னும் கள்ளியினத்தை அது உறிஞ்சி அழித்தது. களையைப் பூச்சி கொண்டு அடக்கியதற்கு உலகிலேயே மிகப் பழைய சான்றுகளுள் இஃது ஒன்று. ஆயினும் பக்கத்தில் நின்ற 'தில்லெனி' என்னும் கள்ளியை அப்பூச்சி தீண்டவில்லை. மனிதன் ஒன்றென எண்ணிய இரண்டையும் பூச்சி வேறெனப் பிரித்தறிந்தது!

உற்று நோக்கினால் நாமும் அறியலாம். மோனகாந்தா மரம்போல் நிமிர்வது. பளபளப்பான மெல்லிய மடல்களில், புள்ளிக்கு ஒன்றோ இரண்டோ முட்களே இருக்கும். தில்லெனி புதராய்ப் படர்வது. நீலம் கலந்த பச்சை மடல்களில், தட்டையான மஞ்சள் முட்கள் பல இருக்கும். தாயகமும் வேறு. முன்னது தென் அமெரிக்கச் செடி. அதன் பூச்சியும் அங்கிருந்து வந்ததே. பின்னது கரீபியக் கடற்பகுதிச் செடி.

இவ்வேறுபாட்டை உணர்ந்தபின் வழி பிறந்தது. 'ஒபன்ஷியே' என்னும் வேறொரு சாயப்பூச்சி 1926-இல் இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்கு வந்தது. வெண்பஞ்சு போர்த்த அதன் பெண்பூச்சிகள் மடல்களில் ஒட்டிச் சாற்றை உறிஞ்சின. சில ஆண்டுகளில் தில்லெனிப் புதர்கள் சாய்ந்தன. முன்பே இனம் பிரித்திருந்தால், உழவரின் நிலம் எவ்வளவோ முன்னதாக மீண்டிருக்கும்.

இன்று மரபியலும் துணை நிற்கிறது. கள்ளிகளின் அடிப்படை நிறமூர்த்த எண் 11. அது இனத்துக்கு இனம் இரட்டியும் நான்மடங்காகியும் ஆறுமடங்காகியும் காணப்படுகிறது. கலப்பினங்களும் பல. ஆகவே இலையும் முள்ளும் மட்டும் போதா. மரபணுவும் வாழிடமும் உண்ணும் பூச்சியும் சேர்ந்தே சாட்சி சொல்லவேண்டும். தில்லெனியைத் தனி இனம் என்பாரும், மற்றோர் இனத்தின் வகை என்பாரும் இன்றும் உளர்.

இது பழங்கதை அன்று. வறண்ட நிலத்தில் கால்நடைத் தீவனமாக முள்ளில்லாக் கள்ளியை வளர்க்கும் முயற்சி நம் நாட்டில் நடைபெறுகிறது. அதே ஒபன்ஷியே பூச்சி 2014-இல் மொராக்கோவில் தோன்றி, பயன்தரும் கள்ளித் தோட்டங்களைப் பாழாக்கியது. ஓரிடத்தில் காத்த பூச்சி மற்றோரிடத்தில் கெடுத்தது.

அடுத்த முறை வேலியோரத்தில் கள்ளியைக் கண்டால், முட்களை எண்ணுங்கள். மடலின் நிறத்தை நோக்குங்கள். வெண்பஞ்சு ஒட்டியிருந்தால் ஒரு குச்சியால் நசுக்கிப் பாருங்கள். வழியும் செந்நிறம், கம்பெனி தேடி அலைந்த சாயத்தின் உறவு.