பதினொரு செல்லாத வாக்குகள்

2010ஆம் ஆண்டு மே 17ஆம் தேதி, மறுநாள் தொடங்கவிருந்த ஒரு வேலைநிறுத்தத்துக்கு லண்டன் உயர்நீதிமன்றம் தடையாணை பிறப்பித்தது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானப் பணியாளர்களிடையே யுனைட் தொழிற்சங்கம் நடத்திய வாக்கெடுப்பில் பதிவான சீட்டுகள் 9,282. ஆதரவு 7,482, எதிர்ப்பு 1,789, செல்லாதவை 11. முடிவில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் செல்லாத வாக்குகளின் எண்ணிக்கையையும் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். சங்கம் அதை இணையதளத்திலும் அறிவிப்புப் பலகையிலும் வெளியிட்டிருந்தது, தனித்தனியே அனுப்பவில்லை. நிறுவனத்துக்குத் தடையாணை பெற அதுவே போதுமானதாக இருந்தது.

வேலைநிறுத்தம் தொழிலாளரின் உரிமை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலேயச் சட்டம் ஒருபோதும் அப்படிச் சொன்னதில்லை. இதைப் புரிந்துகொள்ள நாம் செல்ல வேண்டிய இடம், சற்று வியப்பாக, ஓர் இசை நாடக அரங்கு. இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னரின் உறவுமுறை மகளான ஜோஹன்னா வாக்னர், லம்லி என்பவரின் அரங்கில் பாட ஒப்பந்தம் செய்திருந்தார். போட்டி அரங்கின் கை என்பவர் கூடுதல் பணம் தருவதாகச் சொல்லி அவரைத் தம் பக்கம் இழுத்தார். 1853இல் தீர்ப்பான அந்த வழக்கிலிருந்து வேரூன்றியது ஒரு கோட்பாடு: ஒருவரை ஒப்பந்தத்தை மீறத் தூண்டுவது நஷ்டஈட்டுக்குரிய தீங்கு. ஒரு பாடகியைத் தூண்டுவது தீங்கு என்றால், ஆயிரம் தொழிலாளரை வேலையை விட்டு வெளியேறத் தூண்டும் சங்கத்தை என்னவென்பது?

அந்தக் கேள்விக்கான விடையின் விலை 1901இல் தெரிந்தது. தெற்கு வேல்ஸில் டாஃப் வேல் ரயில்வே ஊழியர்கள் முந்தைய ஆண்டு ஆகஸ்டில் செய்த வேலைநிறுத்தத்துக்காகச் சங்கத்தின் மீதே வழக்குத் தொடரலாம் எனப் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. சங்கம் செலுத்திய நஷ்டஈடு 23,000 பவுண்டு. வழக்குச் செலவுகளும் சேர்ந்தபோது அது 42,000 பவுண்டை எட்டியது. அந்தக் கோபம் 1906 தேர்தலில் வெளிப்பட்டது. அதே ஆண்டு நிறைவேறிய தொழில் தகராறுச் சட்டம் சங்கங்களை வழக்கிலிருந்து காத்தது. தீங்கு என்ற கோட்பாடு அப்படியே இருந்தது. அதிலிருந்து சங்கத்துக்கு ஒரு விலக்கு மட்டும் வழங்கப்பட்டது.

அந்த விலக்கு இந்தியாவுக்குக் கப்பலேறவில்லை. 1918 ஏப்ரலில் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம் அதைத் தன் இரண்டாண்டு வயதிலேயே உணர்ந்தது. 1920இல் பக்கிங்ஹாம் ஆலையில் கதவடைப்பு நிகழ்ந்தபோது, பின்னி நிறுவனம் சங்கத்தின் தலைவர் பி.பி. வாடியா முதலானோர் மீது சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. லண்டன் பாடகிக்காக எழுந்த அதே கோட்பாடு, பெரம்பூர் நெசவுத் தொழிலாளர்களின் மீது பாய்ந்தது. தடையாணை வந்தது. முடிவில், வாடியா சங்கத்தோடு தொடர்பை விட்ட பிறகே வழக்கு கைவிடப்பட்டது. 1921இல் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் தொழிற்சங்கப் பாதுகாப்புக்கான தீர்மானத்தைக் கொண்டுவந்தார்; 1926இல் இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. அதன் 18ஆவது பிரிவை இன்று படிக்கும்போதும் பின்னி வழக்கின் நிழலை அதில் காணலாம்.

பிரிட்டனிலோ, கொடுத்த விலக்குக்கு 1984இல் ஒரு நிபந்தனை சேர்ந்தது: உறுப்பினர்களின் ரகசிய வாக்கெடுப்பு இல்லாமல் நடத்தும் வேலைநிறுத்தத்துக்குப் பாதுகாப்பு இல்லை. இந்த நிபந்தனையை வெறும் சூழ்ச்சி என்று தள்ளிவிட முடியாது. அதே ஆண்டு சுரங்கத் தொழிலாளர் சங்கம் தேசிய அளவில் வாக்கெடுப்பு நடத்தாமலேயே ஓராண்டுப் போராட்டத்தில் இறங்கியது. நாட்டிங்ஹாம்ஷயர் சுரங்கத் தொழிலாளரில் பெரும்பான்மையினர் தம் பகுதி வாக்கெடுப்பில் அதை எதிர்த்து, வேலைக்குச் சென்றனர். சங்க விதிகளை மீறியதாக உறுப்பினர்களே தொடுத்த வழக்கில் சங்கத்துக்கு 2,00,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. பிறகு சொத்துகளும் முடக்கப்பட்டன. என்னைக் கேட்டாயா என்று ஒரு தொழிலாளி தன் சங்கத்தைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்தக் கேள்வியை நீதிமன்றத்துக்குக் கொண்டுவருபவர் பெரும்பாலும் தொழிலாளி அல்ல, முதலாளி. 2009 கிறிஸ்துமஸ் காலத்தில் அதே விமானப் பணியாளர்கள் 92 சதவீத ஆதரவோடு எடுத்த முடிவு, விருப்ப ஓய்வு பெற்று வெளியேறவிருந்தவர்களுக்கும் சீட்டு அனுப்பப்பட்டதால் தடைபட்டது. 2019இல் ராயல் மெயில் ஊழியர்கள் 76 சதவீதம் பேர் வாக்களித்து, அதில் 97 சதவீதம் ஆதரவு தெரிவித்தனர். சீட்டு தபாலில் வீடு சேர வேண்டும் என்பது விதி. தபால்காரர்களோ தங்களுக்கான சீட்டை வேலையிடத்திலேயே எடுத்து வாக்களிக்கச் சங்கத்தால் ஊக்குவிக்கப்பட்டனர். அது வாக்கெடுப்பில் குறுக்கீடு என்றது நீதிமன்றம். மேல்முறையீட்டிலும் தடை நிலைத்தது. ஊரார் கடிதங்களையெல்லாம் பிரிப்பவர்களுக்குத் தம் கடிதத்துக்காக வீட்டில் காத்திருக்க வேண்டிய கடமை!

2010 மே 20 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் பதினொரு வாக்குகளின் தடையை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் நீக்கியது. அதாவது, மூன்று நீதிபதிகளில் ஒருவருக்கு அந்தத் தடை சட்டப்படி சரியாகவே தோன்றியது. 2016இல் குறைந்தது 50 சதவீத வாக்குப்பதிவு வேண்டும் என்ற நிபந்தனையும் சட்டமானது. 2025 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற வேலைவாய்ப்பு உரிமைச் சட்டம் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெரும்பகுதியை நீக்க வழிசெய்தது.

விலக்காகக் கொடுக்கப்பட்டதை ஒவ்வொரு பாராளுமன்றமும் சுருக்கலாம், நீட்டலாம். அந்த 7,482 பேரும் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அவர்கள் சொன்னது கேட்கிறதா என்பதை, மூன்று நாட்கள், எதுவும் சொல்லாத பதினொரு சீட்டுகள் முடிவுசெய்தன.