பெயர் மட்டும் பொறித்த தகடு

வரலாறு என்றவுடன் நம் மாணவர்கள் கல்வெட்டையும் செப்பேட்டையும் நினைக்கின்றனர். அவை பெரும்பாலும் கொடுத்தவனின் புகழையும் பெற்றவனின் உரிமையையும் பேசுவன. போரில் மாண்ட ஒருவனின் சட்டைப் பொத்தானும், தொப்பிச் சின்னமும், மார்பில் அணிந்த பதக்கமுங்கூட வரலாற்றுச் சான்றுகளே. இவற்றைத் தேடித் தொகுப்பதை வாழ்நாட் பணியாகக் கொண்டோர் மேலை நாடுகளில் பலர் உளர். பழம்பொருட் பித்தர் என அவர்களை எள்ளுவோரும் உண்டு. ஆயினும் அத்தகைய ஒருவர் கைக்கு வந்த வெண்கலத் தகடொன்று, இங்கிலாந்தில் பலரும் உறுதியென நம்பிவந்த ஒரு செய்தியையே மாற்றிவிட்டது.

முதல் உலகப் போரில் மாண்டோரின் குடும்பங்களுக்குப் பிரிட்டிஷ் அரசு ஒரு நினைவுத் தகட்டை அனுப்பியது. ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள வட்ட வடிவம். பிரிட்டானியா என்னும் தேவியின் உருவமும் அருகே ஒரு சிங்கமும் அதில் இருக்கும். 13 இலட்சத்திற்கும் மேற்பட்ட தகடுகள் வார்க்கப்பட்டன. பென்னி நாணயத்தைப் போன்றிருந்தமையால் ‘செத்தவன் காசு’ என்று அந்நாட்டு மக்களே அதற்குக் கசப்பான பெயரிட்டனர். அதில் மாண்டவரின் பெயர் மட்டுமே உண்டு. பதவி இல்லை, படைப்பிரிவும் இல்லை. தளபதியாயினும் சிப்பாயாயினும் உயிர் ஒன்றே என்பது அதன் கருத்து. மிக நல்ல கருத்துதான். ஆனால் இறந்தபின் பதவி பாராத அதே அரசு, உயிரோடு இருந்தபோது பதவி கொடுக்க நிறம் பார்த்தது.

1914ஆம் ஆண்டின் இராணுவச் சட்டக் கையேட்டு விதிகளின்படி, கலப்பற்ற ஐரோப்பிய வழித்தோன்றலே பிரிட்டிஷ் படையில் அதிகாரியாகலாம் என்று கொள்ளப்பட்டது. கறுப்பர் சிப்பாயாகலாம், சாகலாம், வெள்ளைச் சிப்பாய்களுக்கு ஆணையிடலாகாது. இந்த வேலியைத் தாண்டியவராகப் போற்றப்பட்டவர் வால்டர் டல். பார்படாஸ் தீவிலிருந்து வந்த தச்சரின் மகன். தாய் தந்தையரை இழந்து அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். டாட்டன்ஹாம், நார்தாம்ப்டன் அணிகளில் கால்பந்தாடியவர். சிப்பாயாகச் சேர்ந்து, 1917 மே மாதத்தில் இரண்டாம் லெப்டினன்ட் ஆனார். 1918 மார்ச் 25 அன்று பிரான்சில் சுடப்பட்டு மாண்டார். உடல் கிடைக்கவில்லை. கறுப்பின அதிகாரிகளுள் முதல்வர் இவரே என்று நெடுநாள் எழுதியும் பேசியும் வந்தனர்.

இந்நிலையில், 2020ஆம் ஆண்டில் ஒரு நினைவுத் தகடு ஏலத்திற்கு வந்தது. அதில் யுவன் லூசி-ஸ்மித் என்ற பெயர் மட்டுமே இருந்தது. ஜான் ஸ்மித் என்றோ வில்லியம் ஜோன்ஸ் என்றோ இருந்திருப்பின், அவர் யார் என எவராலும் சொல்ல முடிந்திராது. அப்பெயரில் மாண்டோர் எத்தனையோ பேர். லூசி-ஸ்மித் என்பதோ அரிய பெயர். அதை வைத்திருந்த தொகுப்பாளர் போர்க்கால ஏடுகளைப் புரட்டினார். அந்த இளைஞர் 1889இல் ஜமெய்க்காவில் பிறந்தவர், தந்தை வெள்ளையர், தாய் கலப்பினக் குடும்பத்தவர், இங்கிலாந்தில் பயின்றவர். 1914 செப்டம்பரில், போர் தொடங்கி ஏறத்தாழ ஆறு வாரங்களில், ராயல் வார்விக்ஷயர் ரெஜிமெண்டில் அதிகாரியாக நியமனம் பெற்றவர். 1915 ஏப்ரல் 25 அன்று, ஈப்ர நகரையடுத்த போர்க்களத்தில் தம் 25ஆம் வயதில் உயிர் நீத்தார். வால்டர் டல் அதிகாரியாவதற்கு இரண்டாண்டுகளுக்கு மேல் முன்னரே ஒருவர் அந்த வேலியைத் தாண்டி மடிந்தும் போயிருந்தார். அதை உலகம் கவனிக்கவில்லை. இதனால் டல்லின் பெருமை இம்மியும் குறையாது. தச்சர் மகன் படியேறியதும், வசதிமிக்க குடும்பத்துப் பிள்ளை நியமனம் பெற்றதும் ஒன்றல்ல என்பதே என் கருத்து.

இப்பொருள்களைப் படிக்கத் தெரிந்தவனுக்கு அவை வாய் திறந்து பேசும். அக்காலத்து அதிகாரியின் பதவி அவர் சட்டைக் கையின் முனையில் தைத்த நட்சத்திரங்களால் தெரியும். ஒன்று இரண்டாம் லெப்டினன்ட், இரண்டு லெப்டினன்ட், மூன்று கேப்டன். எதிரி குறிபார்த்துச் சுட அதுவே வழிகாட்டியமையால், பலர் அவற்றைத் தோளுக்கு மாற்றிக்கொண்டனர். பதக்கத்தின் விளிம்பிலோ பின்புறத்திலோ பெயர் பொறித்திருக்கும். 1915இல் சிப்பாயாகச் சென்று பின்னர் அதிகாரியானவருக்கு, வெண்கல நட்சத்திரப் பதக்கத்தில் சிப்பாய் எண் இருக்கும். பின்னர் தந்த போர்ப் பதக்கத்தில் எண் நீங்கி, அதிகாரிப் பதவி வந்திருக்கும். ஒரே மனிதன் ஏறிய படிகளை இரண்டு உலோகத் துண்டுகள் காட்டிவிடும். மற்றொன்றும் கேளுங்கள்: அந்தப் போர்ப் பதக்கம் படைவீரர்க்கு வெள்ளியிலும், சீன, இந்திய, மால்டாக் கூலிப் படையினர்க்கு வெண்கலத்திலும் வழங்கப்பட்டது. தகட்டில் காட்டிய சமத்துவம் பதக்கத்தில் காணாமற் போயிற்று.

இது கடல் கடந்த கதை மட்டுமன்று. அண்ணல் அம்பேத்கரின் தந்தையார் ராம்ஜி சக்பால் படையில் சுபேதாராக இருந்தவர். அந்த மகார் மக்களைப் படையில் சேர்ப்பதையே 1890களில் ஆங்கில அரசு நிறுத்தியது. ஆள் தேவைப்பட்ட 1917இல் 111ஆவது மகார் படையைத் திரட்டியது. போர் முடிந்து 1921இல் அதைக் கலைத்தது. நம் பக்கத்தில் சென்னை சாப்பர்ஸ் படையில் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பணிபுரிந்துள்ளனர். பாலம் கட்டியவரும் பதுங்குகுழி வெட்டியவரும் அவர்களே. அவர்களுடைய பதக்கங்கள் பலவும் எங்கே? வெள்ளி என்பதால் உருக்கப்பட்டவை உண்டு. அடகுக் கடையில் மூழ்கியவை உண்டு. எஞ்சியவை சில வீடுகளில் தகரப் பெட்டியின் அடியில் கிடக்கக்கூடும்.

இளைஞர்கள் தத்தம் வீடுகளில் தேடிப் பார்க்க வேண்டும். பதக்கம் கிடைத்தால் புளி போட்டுத் துலக்காதீர்கள். விளிம்பில் உள்ள எழுத்துகள் தேய்ந்துவிடும். பழைய நாடாவைக் கழற்றி எறியாதீர்கள். படையிலிருந்து விடுவித்த சான்றிதழ், ஓய்வூதியப் புத்தகம், புகைப்படம் ஆகியவற்றைப் பதக்கத்திலிருந்து பிரிக்காதீர்கள். பிரித்துவிட்டால், பெயர் அரிதல்லாத நம் முனுசாமியையும் சின்னப்பனையும் பின்னர் எவரும் அடையாளம் காண இயலாது. வீட்டிலுள்ள முதியவர் சொல்லும் பெயர், தந்தை பெயர், ஊர், படைப்பிரிவு, சென்ற நாடு ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, அதே பெட்டியில் வையுங்கள்.