ரஜூலா கப்பலில் வந்த காய்ச்சல்

சிங்கப்பூர், மலேயா போய்வந்த குடும்பத்தார் யாரும் ரஜூலா கப்பலை மறந்திருக்க மாட்டார்கள். 1957 மே மாதம் அது சென்னைத் துறைமுகத்துக்கு வந்தபோது காய்ச்சல்காரர்களையும் கொண்டுவந்தது. குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் அந்த ஃப்ளூ வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். ஆனாலும் காய்ச்சல் நாடு முழுக்கப் பரவியது. அடுத்த பிப்ரவரிக்குள் அரசுக் கணக்குப்படி 44 லட்சம் பேருக்கு மேல் படுத்தார்கள். ஆயிரத்துச் சொச்சம் பேர் இறந்தார்கள்.

புதுச்சேரியில் எங்கள் வீட்டிலும் நானும் தங்கையும் பாயில் கிடந்தோம். அவளுக்கு நெஞ்சில் கட்டி, சளி பச்சையாக வந்தது. "விஷம் இறங்குது" என்றார் பாட்டி. நான் எழுந்தேன். அவள் எழவில்லை.

அந்தப் பச்சை என்ன என்று தெரிந்துகொள்ள எனக்கு வெகுகாலம் ஆயிற்று. எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் பாஸ்டரைப் பற்றிப் படித்தோம். அவர் நிறுவனத்தில் வேலை பார்த்த ரஷ்யரான மெட்ச்னிகாஃபைப் பற்றிப் பிறகுதான் படித்தேன். 1882இல் நட்சத்திர மீன் குஞ்சின் உடலில் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். நகரும் அணுக்கள் முள்ளைச் சூழ்ந்துகொண்டன. நம் ரத்தத்தின் வெள்ளையணுக்களும் இப்படியே கிருமியை விழுங்கி, தம்மிடமுள்ள நொதிகளால் செரிக்கின்றன என்றார். 1908இல் நோபல் பரிசு பெற்றார்.

1941இல் ஸ்வீடன் நாட்டு அக்னர் சீழிலிருந்து ஒரு பச்சை நொதியைப் பிரித்தார். இன்று அதன் பெயர் மைலோபெராக்சிடேஸ். கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டால் நீரில் உண்டாகும் அதே கிருமிநாசினியை, நம் உடலிலுள்ள உப்பிலிருந்து இது தயாரிக்கிறது. சோதனைக் குழாயில் ஃப்ளூ வைரஸையும் செயலிழக்கச் செய்கிறது. பச்சைச் சளி இந்த நொதியின் நிறம்தான்.

தங்கை போன அதே 1957இல், லண்டனில் ஐசக்ஸும் லிண்டன்மானும் ஃப்ளூ வைரஸை வைத்தே இன்டர்ஃபெரானைக் கண்டுபிடித்தார்கள். வெள்ளையணுக்களும் சுரக்கும் இப்பொருள், பக்கத்து அணுக்களை எச்சரிக்கிறது. அவை வைரஸின் மரபுப்பொருளைத் துண்டாக்கும் நொதிகளுக்கு வழிசெய்கின்றன.

ஆனால் இந்த ஆயுதங்களுக்கு நண்பன், பகைவன் தெரியாது. வெள்ளையணுக்கள் அளவு மீறிக் குவிந்தால், அவற்றின் நொதிகள் நுரையீரலையே அரிக்கும். ஊரைக் காக்க வந்த பட்டாளம் ஊரைக் கொளுத்துவது போல.

பாட்டி விஷம் என்றது, தங்கைக்காகப் போராடியவற்றின் மிச்சம். உளுந்தூர்பேட்டையில் என்னோடு காலை நடைக்கு வரும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன்: பச்சைச் சளியைக் கண்டவுடன் தாமாக மாத்திரை வாங்காதீர்கள். மூச்சு வாங்கினால் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள். ஆண்டுதோறும் போடும் ஃப்ளூ தடுப்பூசி பற்றியும் அவரிடம் கேளுங்கள். 1957இல் எங்களுக்கு அது கிடைக்கவில்லை.