முத்தையாவின் நகரா விசையும் பழைய சுவிட்சுகளில் ஒரு தமிழ் விசைப்பலகையும்



தமிழ் எழுத்துகள் பொறித்த விசைப்பலகை எந்தக் கடையில் கிடைக்கும் என்று பெற்றோர் சிலர் அவ்வப்போது கேட்கின்றனர். சிம்பாங் அம்பாட் வட்டாரக் கணினிக் கடைகளில் அத்தகைய ஒன்றை நான் கண்டதில்லை. ஆகவே, கழித்துக்கட்டப்பட்ட பழைய விசைப்பலகை ஒன்றின் சுவிட்சுகளைக் கொண்டு நானே ஒன்றைச் செய்துகொண்டேன். செய்முறையைப் பின்னர்ச் சொல்கிறேன். எந்த விசையில் எந்தத் தமிழ் எழுத்து அமர வேண்டும் என்ற கேள்விக்கு நூறாண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் பெரும்பகுதி நம் மலாயாவையும் சிங்கப்பூரையும் சார்ந்தது என்பது நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. முதலில் அதைப் பார்ப்போம்.

யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886ஆம் ஆண்டு பிறந்தவர் ஆர். முத்தையா. 1907இல் மலாயாவுக்கு வந்து, பின்னர்ச் சிங்கப்பூரில் ஒரு வணிக நிறுவனத்தில் எழுத்தராகப் பணிபுரிந்தார். நாள்தோறும் ஆங்கிலத் தட்டச்சுப்பொறியோடு பழகியவருக்குத் தமிழுக்கும் அப்படியொரு பொறி வேண்டும் என்ற எண்ணம் எழுந்தது. எண்ணுவது எளிது. ஆங்கிலப் பொறியில் விசைகள் நாற்பதுக்குச் சற்று மேல். ஒவ்வொன்றும் இரண்டு எழுத்து வீதம் எண்பது, தொண்ணூறு வடிவங்களுக்கே இடம் உண்டு. தமிழிலோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகள்!

இங்கேதான் முத்தையாவின் கூர்மை வெளிப்படுகிறது. எழுத்துகளை அவர் உறுப்புகளாகப் பிரித்தார். கொம்பு, கால் ஆகியன தனித்தனி விசைகளாயின. மெய்யின் தலைமீது அமரும் புள்ளிக்கும், மெய்யோடு ஒட்டி வளையும் இகர விசிறிக்கும் வேறோர் உத்தி தேவைப்பட்டது. வழக்கமாக ஒரு விசையைத் தட்டினால் தாள் ஏந்திய உருளை ஓர் எழுத்தளவு நகரும். புள்ளி விசையைத் தட்டினால் மட்டும் அது நகராது. புள்ளி முதலில் தாளில் விழும். அடுத்து ‘க’வைத் தட்டினால் அதே இடத்தில், புள்ளிக்குக் கீழே ‘க’ அமர்ந்து ‘க்’ ஆகும். அதன் பிறகே உருளை நகரும். இதற்கு ‘நகரா விசை’ என்று பெயர். கையால் எழுதும்போது மெய்யை எழுதிவிட்டுப் புள்ளி வைக்கிறோம். பொறியிலோ புள்ளி முந்திக்கொண்டது.

உகர, ஊகார வரிசைகள் இந்தப் பிரிப்புக்கு முழுமையாக வசப்படவில்லை. கு, சு, மு, டு ஆகியவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளைவதால் அவற்றுக்குத் தனி இடம் ஒதுக்க நேர்ந்தது. ‘கொ’ என்று அடிக்கக் கொம்பு, க, கால் என மூன்று தட்டு. செருமனியின் சைடல் அண்டு நௌமன் நிறுவனம் வார்த்தளித்த ‘பிஜூ’ என்னும் சிறிய பொறியிலும் முத்தையாவின் தமிழ்த் தட்டச்சு இடம்பெற்றது. தமிழ் நெடுங்கணக்கின் ஒழுங்குக்குப் புறம்பாக அந்த விசையமைப்பில் தோன்றுவன பலவும் இரும்பின் கட்டாயத்தால் நேர்ந்தவை. அவற்றுக்காக அவரைக் குறை சொல்வோர் அப்பொறியின் வயிற்றைத் திறந்து பார்த்திருக்கமாட்டார்கள்.

கணினி வந்தபோது அந்த இரும்புக் கட்டாயம் நீங்கிற்று. மலேசியரான முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியன் முறையை உருவாக்கி 1995இல் தமிழை இணையத்தில் ஏற்றினார். ஆயினும் ஆளுக்கோர் எழுத்துரு, ஆளுக்கொரு விசைப்பலகை என்ற குழப்பமும் உடன் வளர்ந்தது. 1997இல் சிங்கப்பூரிலும் 1999 பிப்ரவரியில் சென்னையிலும் கூடிய தமிழிணைய மாநாடுகள் இக்குழப்பத்தைத் தீர்க்க முனைந்தன. சென்னை மாநாட்டின் பயனாகத் தமிழக அரசு 1999இல் ஏற்றுக்கொண்ட அமைப்பே ‘தமிழ் 99’. கோவிந்தசாமி அவர்கள் அதே ஆண்டு மே மாதத்தில் மறைந்தார்.

தமிழ் 99இல் உயிர்கள் இடக்கைக்கும், மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் உரியன. நடு வரிசையில் இடப்பக்கம் அ, இ, உ, புள்ளி, எ. வலப்பக்கம் க, ப, ம, த, ந, ய. அ, இ, உ ஆகிய குறில்களுக்கு நேர் மேலே ஆ, ஈ, ஊ என்னும் நெடில்கள். ‘கொ’ என்பதற்குக் க, ஒ என இரண்டே தட்டு. உயிர்மெய் எப்படிப் பிறக்கிறது என்று முதலாம் ஆண்டில் நாம் கரும்பலகையில் எழுதிக்காட்டுவதை இங்கே விரல்கள் செய்துகாட்டுகின்றன. ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். ‘ங’வை அடுத்துக் ‘க’, ‘ஞ’வை அடுத்துச் ‘ச’ என்னும் இன எழுத்து இணைகளுக்கும் அவ்வாறே. ஆகவே ‘அம்மா’ என்பது அ, ம, ம, ஆ என்னும் நான்கு தட்டு. ‘தங்கம்’ ஐந்து தட்டு.

நம் பிள்ளைகளோ பெரும்பாலும் ரோமன் எழுத்து வழியாகவே தமிழை உள்ளிடுகின்றனர். அவ்வழியை நான் இகழவில்லை. அஞ்சல் முறை போன்றவை இல்லாவிடில் ஆங்கில விசைப்பலகை மட்டுமே அறிந்த பல்லாயிரவர் இணையத்தில் தமிழ் எழுதியிருக்கவேமாட்டார்கள். அவர்கள் தமிழை முன்னரே கற்றவர்கள். தமிழை இப்போதுதான் கற்கும் எட்டு வயதுப் பிள்ளையின் நிலை வேறு. அப்பிள்ளைக்கு ‘ல’ சிறிய எல், ‘ள’ பெரிய எல் என்றாகிறது. வகுப்பில் நாம் நாவின் இடத்தைக் காட்டி உணர்த்தும் வேறுபாடு, விரலுக்கு ஓர் ஆங்கில எழுத்தின் இரு அளவுகளாகச் சுருங்கிவிடுகிறது. மயங்கொலிப் பிழைகளோடு ஓயாது போராடும் ஆசிரியர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழ் 99இல் ல, ள, ழ மூன்றும் மூன்று வெவ்வேறு இடங்களில் உள்ளன. மூன்றுக்கும் விரல் மூன்று வெவ்வேறு திசையில் செல்ல வேண்டும்.

இனி விசைப்பலகைக்கு வருவோம்.

மலிவான விசைப்பலகைகளில் எல்லா விசைகளுக்கும் கீழே ஒரே ரப்பர் விரிப்பு இருக்கும். பழைய அலுவலக விசைப்பலகைகள் சிலவற்றில் ஒவ்வொரு விசைக்கும் சுருள்வில்லும் உலோகத் தொடுப்பும் கொண்ட தனிச் சுவிட்சு உண்டு. 1980களில் செருமனியின் செர்ரி நிறுவனம் வெளியிட்ட ‘எம்எக்ஸ்’ வகை அவற்றுள் புகழ்பெற்றது. அதன் கறுப்புச் சுவிட்சு ஐந்து கோடித் தட்டுகளைத் தாங்கும் எனக் குறிக்கப்பட்டது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு 20,000 தட்டு, ஆண்டுக்கு 250 நாள், இருபது ஆண்டு என்றால் மொத்தம் பத்துக் கோடி. மிகுதியாக உழைக்கும் இடைவெளி விசைக்கு அதில் ஆறில் ஒரு பங்கு என்று வைத்தாலும் ஏறக்குறைய 1.7 கோடிதான். எனவே குப்பைக்குப் போகும் விசைப்பலகையின் சுவிட்சுகளுக்கு ஆயுள் மீதமிருக்கும்.

பழம்பொருள் கடையில் 30 வெள்ளிக்கு அத்தகைய ஒன்று கிடைத்தது. பின்புற வில்லையில் ‘ஜி80’ என்று தொடங்கும் எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ‘ஜி81’ தோற்றத்தில் ஒத்திருக்கும். உள்ளே இருப்பது வேறு, தரத்தில் தாழ்ந்த வகை. சுவிட்சு ஒவ்வொன்றையும் இரண்டு ஈயப் பற்றுகள் பிடித்திருக்கும். ஈயத்தை உருக்கி உறிஞ்சியெடுக்க இரண்டு மாலைகள் ஆயின. சன்னலைத் திறந்து வைத்தே செய்ய வேண்டும். முடித்ததும் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். பிள்ளைகளை இவ்வேலைக்கு விடாதீர்கள். நம் பினாங்கில் 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக மண்டலம் தொடங்கியது முதல் மின்னணு ஆலைகள் பெருகிவிட்டன. பெற்றோர் பலர் அங்கே பணிபுரிபவர்கள். ஈயம் பற்றவைப்பதில் ஆசிரியர்களைவிட அவர்களே கைதேர்ந்தவர்கள்.

61 விசைகள் கொண்ட சிறிய அமைப்பே போதும். சுவிட்சுகள் பொருந்த 14 மில்லிமீட்டர் சதுரத் துளைகளோடு 1.5 மில்லிமீட்டர் தகடு ஒன்றை வெட்டித் தரச் சொன்னேன், 48 வெள்ளி. நீள விசைகளுக்கான கம்பித் தாங்கிகள் 15. மூளையாக இருப்பது 22 வெள்ளிக்கு வாங்கிய ‘ராஸ்பெர்ரி பை பிக்கோ’ என்னும் சிறு பலகை. டயோடுகள் 6, ஒட்டுவில்லைகள் 8. கம்பி பழைய இணையக் கேபிளிலிருந்து உரித்தது. விசைமூடிகள் அந்தப் பழைய பலகையினுடையவையே. ஆக மொத்தம் 129 வெள்ளி.

61 விசைக்கு 61 கம்பி வேண்டியதில்லை. ஐந்து கிடைவரிசை, பதினான்கு நெடுவரிசை எனக் கட்டினால் பத்தொன்பது கம்பிகள் போதும். எந்தக் கிடைவரிசையும் எந்த நெடுவரிசையும் தொட்டுக்கொள்கின்றன என்பதைக் கொண்டு சிறு பலகை விசையை அறிந்துகொள்ளும். பல விசைகளை ஒருசேர அழுத்தும்போது மின்னோட்டம் பின்வழியாகப் பாய்ந்து அழுத்தாத விசையையும் அழுத்தியதாகக் காட்டாதிருக்கவே, விசைக்கொரு டயோடு. ‘கியூஎம்கே’ என்னும் இலவச மென்பொருளை அதில் ஏற்றினேன். விசைப்பலகை விசையின் இடத்தை மட்டுமே கணினிக்குச் சொல்லும். அதைத் தமிழாக்குவது கணினியின் வேலை. விண்டோசு 10இல் 2019 மே மாதப் பதிப்பு முதல் தமிழ் 99 உள்ளடங்கியே வருகிறது. மேக் கணினியிலும் உண்டு.

எழுத்து ஒட்டியபோது ஒன்றைக் கவனித்தேன். பார்க்காமலே விரல் இடமறிய எஃப், ஜே விசைகளில் சிறு மேடு இருக்குமல்லவா? தமிழ் 99இல் எஃப் விசைதான் புள்ளி. முத்தையாவின் பொறியில் உருளையை நகரவிடாது நிறுத்திய அதே புள்ளி, இப்போது இடக்கைச் சுட்டுவிரலின் இருப்பிடமாக இருக்கிறது.

பள்ளி முடிந்தபின் ஆறாம் ஆண்டு மாணவர் சிலர் அதில் பழகுகின்றனர். தொடக்கத்தில் ரோமன் வழியைவிட மெதுவாகத்தான் தட்டுகிறார்கள், அதை மறைப்பதற்கில்லை. ‘ழ’ எங்கே, ‘ழ’ எங்கே என்று தேடுகிறார்கள். வலக்கைச் சிறுவிரலுக்குக் கீழே, கேள்விக்குறி விசையில் இருக்கிறது. அந்தச் சுவிட்சின் சுருள்வில் மற்றவற்றைவிடச் சற்று இறுக்கமாக இருந்ததால், சிறிய விரல்களுக்கு ஏற்ற வேறொன்றை அங்கே மாற்றி வைத்தேன். பழைய பலகையின் சுவிட்சுகளில் இன்னும் நாற்பதுக்குமேல் பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. மற்றொரு பலகைக்கு இருபது குறைகிறது. உங்கள் அலுவலகத்தில் பழைய விசைப்பலகைகளைக் கழித்தால், தூக்கியெறியும் முன் பின்புறம் திருப்பி ‘ஜி80’ என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள்.