கந்தும் கடவுளும்: வண்ண மரச் சிற்ப மரபுகள் - ஓர் ஒப்புநோக்கு

கல்லும் செம்பும் நிலைத்து நிற்க, மரம் மக்கி அழிவதால், தமிழகச் சிற்ப வரலாறு பெரிதும் முன்னிரண்டின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. எனினும், தெய்வம் உறையும் தூணைச் சங்க இலக்கியம் ‘கந்து’ எனச் சுட்டுகிறது. கந்து நின்ற பொதியிலில் நிகழ்ந்த வழிபாட்டைப் பட்டினப்பாலை கூறும். மணிமேகலையில் தூணில் அமைந்த கந்திற்பாவை வருவதுரைக்கிறது. அகநானூற்றின் 307ஆம் பாடலோ தெய்வம் அகன்ற கந்தையும் வழிபாடு நின்றுபோன பொதியிலையும் காட்டுகிறது. தூண் வேறு, அதில் உறையும் தெய்வம் வேறு என்னும் கருத்து இதனால் பெறப்படும்.

இக்கருத்தின் வாழும் சான்றைத் துளுநாட்டில் காணலாம். அங்குப் பூத வழிபாட்டிற்குரிய மனித, விலங்கு உருவங்களை மரத்தில் செதுக்கி வண்ணம் தீட்டுவர். பஞ்சுருளி பன்றியுருவினது, பிலிச்சாமுண்டி புலியோடு தொடர்புடையது. உடுப்பி மாவட்டத்து மெக்கேகட்டு நந்திகேசுவரர் கோயில் இத்தகைய உருவத் தொகுதிக்குப் பெயர்பெற்றது. அங்குப் புதிய உருவங்கள் நிறுவப்பட்டன. பழையவற்றுட் பல புதுதில்லிக் கைவினை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. பூரி சகந்நாதர் கோயிலிலும் வேப்பமரத் திருமேனிகள் 2015இல் புதுப்பிக்கப்பட்டன. பழையவை கோயில் வளாகத்திலேயே புதைக்கப்பட்டன. ஆக, மரம் மாறினும் மரபு தொடர்கிறது.

கனடாவின் மேற்குக் கரைத் தொல்குடியினர் செந்தேவதாரு மரத்தில் விலங்கும் மனிதருமாகச் செதுக்கி நாட்டும் குலத்தூண்களின் வரலாறு வேறானது. தூண் நாட்டுதலோடு இணைந்த ‘பொட்லாட்ச்’ விருந்துச் சடங்கை 1885 முதல் 1951 வரை அரசு தடைசெய்திருந்தது. அக்காலத்தே, 1929இல், நிஸ்கா மக்களின் நினைவுத்தூண் ஒன்றை இனவரைவியலாளர் மாரியஸ் பார்போ அகற்றி எடின்பரோ அருங்காட்சியகத்திற்கு விற்றார். ஊரார் உணவு திரட்டச் சென்றிருந்த வேளையில் அது எடுக்கப்பட்டது என்பது நிஸ்கா மக்களின் கூற்று. 2023இல் அத்தூண் தாயகம் மீண்டது.

இவ்விரு நிலைகளையும் ஒன்றாகக் கருதுதல் பொருந்தாது. மெக்கேகட்டிலிருந்து சென்றவை, வேறு மரத்தில் தெய்வத்திற்கு இடமளித்த பின் எஞ்சிய கந்துகள். எடின்பரோ சென்றதோ உயிர்ப்புடன் நின்ற கந்து. எனவே அருங்காட்சியகங்கள் ஓர் உருவத்தின் காலத்தையும் மரத்தையும் குறிப்பதோடு அமையாது, அது எச்சூழலில் தன் இடம் நீங்கியது என்பதையும் பதிவுசெய்தல் வேண்டும். அப்பதிவின்றி மரச் சிற்ப வரலாறு முழுமை பெறாது.